‘பயன் தெரியவில்லை’: கருவிகளும் பெயரிடும் அதிகாரமும்

1

அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை ஒரு பிரதியாக யாரும் வாசிப்பதில்லை. எதனால் ஆனது, எத்தனை செ.மீ., எங்கே கிடைத்தது, எந்தக் காலத்தது – இவ்வளவும் அளந்து சொல்லப்பட்டவை. அதற்குக் கீழே ஒரு வரி வரும்: ‘சடங்குப் பொருளாக இருக்கலாம்.’ அல்லது ‘பயன் தெரியவில்லை.’ முதல் நான்கு தகவல்களுக்கும் உள்ள அறிவியல் மரியாதையை இந்தக் கடைசி வரியும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. நமது அக்கறை இந்தக் கடைசி வரி மீதுதான்.

‘தெரியவில்லை’ என்பதற்கு முன்னால் தமிழில் ஒரு நான்காம் வேற்றுமை வந்தாக வேண்டும். யாருக்குத் தெரியவில்லை? சீட்டு அந்தச் சொல்லை விழுங்கிவிடுகிறது. விழுங்கியதும், தோண்டியெடுத்தவரின் தெரியாமை பொருளின் குணமாக மாறிவிடுகிறது. பொருள் ‘மர்மப் பொருள்’ ஆகிவிடுகிறது. அதைச் செய்தவருக்கும் கையாண்டவருக்கும் அதில் எந்த மர்மமும் இருந்திருக்காது. யாரிடம் கேட்டீர்கள், யாரிடம் கேட்கவில்லை என்று கேட்டால்தான் மர்மம் எங்கே உற்பத்தியாகிறது என்பது புலப்படும்.

என்னவென்று புரியாவிட்டால் சடங்கு என்று எழுதிவிடு – இது தொல்லியலாளர்கள் தங்களைத் தாங்களே கேலிசெய்துகொள்ளும் பழைய வாசகம். டேவிட் மெக்காலே 1979இல் வெளியிட்ட ‘மோட்டல் ஆஃப் தி மிஸ்டரீஸ்’ என்ற படநூல் இந்தக் கேலியை முழுக் கதையாகவே ஆக்கியது. 4022ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதி ஒன்று தோண்டியெடுக்கப்படுகிறது. கழிப்பறை இருக்கையின் வளையம் புனித அணிகலனாகிறது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சிரிக்கலாம். ஆனால் இந்தச் சிரிப்பு ஒரு கேள்வியைத் தவறவிடுகிறது. தெரியாத பொருள் ஏன் எப்போதும் மேல்நோக்கியே போகிறது? ஒன்று சாமியிடம் போகிறது, இல்லாவிட்டால் ராஜாவிடம் போகிறது. அடுப்படிக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ கக்கூசுக்கோ அது இறங்கி வருவது அபூர்வம். வாசிப்பவரின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டும் சான்று இது.

2

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குகைகளில் மான் கொம்பில் செய்த தடிகள் கிடைத்தன. ஒரு பக்கம் துளை. சிலவற்றில் விலங்குருவங்கள் செதுக்கியிருந்தன. அகழ்ந்தவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘கட்டளைக் கோல்’. வேட்டையாடியும் பொறுக்கியும் பிழைத்த சிறு கூட்டங்களுக்குக் கட்டளையிடும் தளபதி எங்கிருந்து வந்தான்? தோண்டியவர்களின் பிரான்சிலிருந்து வந்தான். அங்கே மார்ஷல்களின் கையில் நிஜமாகவே அப்படி ஒரு கோல் இருந்தது. தங்கள் சமூகத்தின் அதிகாரச் சின்னத்தை இருபதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் நட்டார்கள். அதிகாரம் என்பது ஆதியிலிருந்தே இருப்பது, இயற்கையானது என்ற கதையாடலுக்கு ஒரு மான் கொம்பு சாட்சியாக்கப்பட்டது. பின்னால் ‘துளைக் கோல்’ என்று அடக்கமான பெயருக்கு மாறினார்கள். பழைய பெயரும் போனபாடில்லை.

2015இல் தெற்கு ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் மாமத யானைத் தந்தத்தில் செய்த ஒரு பட்டை கிடைத்தது. நீளம் 20.4 செ.மீ. வரிசையாக நான்கு துளைகள். ஒவ்வொரு துளையின் உட்புறத்திலும் திருகாணி மாதிரிச் சுருள் வெட்டுகள். இதன் வயது 35,000 ஆண்டுகளுக்கு மேல். இந்த மாதிரித் துளைப்பட்டைகளை அதற்கு முன்பெல்லாம் ஈட்டிக் கம்பு நிமிர்த்தும் கருவி என்றார்கள், அலங்காரக் கலைப்பொருள் என்றார்கள், இசைக்கருவி என்றுகூடச் சொன்னார்கள். நிக்கோலஸ் கொனார்ட், வீர்லே ரோட்ஸ் இருவரும் வேறு வழியில் போனார்கள். துளைகளின் தேய்மானத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிரதி செய்து, விதவிதமான நார்களை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான அவர்களது கட்டுரையின் முடிவு: இது கயிறு திரிக்கும் கருவி. நான்கு துளைகளில் நான்கு புரிகள். சுருள் வெட்டு நாரைப் பிடித்து முறுக்கோடு வழிநடத்துகிறது. சம்பங்கோரை நன்றாக ஓடியது. நான்கைந்து பேர் சேர்ந்து நின்றால் பத்து நிமிடத்தில் ஐந்து மீட்டர் உறுதியான கயிறு.

கயிறு திரித்த குடும்பத்தில் பிறந்த யாரும் இதைக் கையில் எடுத்ததும், “அட, புரி போற துளையில்ல இது” என்று சொல்லியிருக்கக்கூடும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. கட்டளைக் கோலைப் பிடிக்க ஒரு கை போதும். கயிறு திரிக்கும் பட்டைக்கு நான்கைந்து பேர் வேண்டும். ஒரே பொருள் பற்றிய இரு யூகங்கள் என்று இவற்றைச் சமமாக வைத்துவிட முடியாது. இரண்டும் இரு சமூகங்களைக் கற்பிக்கின்றன. ஒன்றில் ஒருவன் நிற்கிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். மற்றதில் எல்லோரும் வரிசையாக நின்று முறுக்கு அவிழாமல் இழுக்கிறார்கள். (கொம்பில் செய்த ஒற்றைத் துளைக் கோல்கள் எல்லாமே கயிற்றுக் கருவிகள் என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. அது தனி விவாதம்.)

கயிறு மக்கிப்போகும். துணி, கூடை, பாய், வலை, தோல் எல்லாம் மக்கிப்போகும். கல்லும் உலோகமும் நிற்கும். எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் எழுதிய ‘விமன்ஸ் ஒர்க்’ என்ற நூல் இந்த மக்கிப்போன பக்கத்தைத்தான் எழுத முயன்றது. மனித வரலாற்றின் பெரும்பகுதி நார் உழைப்பு, அதில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. எஞ்சி நிற்பதை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் கல்லாயுதம் ஏந்திய ஆண்தான் கதாநாயகனாக வருவான். நார் உழைப்பு விட்டுச்சென்ற சில கடினப் பொருட்களும் செங்கோல் என்று பெயர் மாறிவிட்டால் அந்த உழைப்பு இரண்டாம் முறையும் அழிகிறது.

3

கையின் அறிவிடம் போய்க் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

பிரான்சின் தோர்தோன் பகுதியில், நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த இரண்டு இடங்களில், விலா எலும்பால் ஆன நான்கு சிறு துண்டுகள் கிடைத்தன. முனை வழவழவென்று தேய்ந்திருந்தது. வயது சுமார் 50,000 ஆண்டுகள். மரி சொரெஸ்ஸி, ஷானன் மெக்ஃபெரன் முதலானோர் 2013இல் இவற்றைத் தோல் தேய்க்கும் கருவி என்று அடையாளம் காட்டினார்கள். விலா எலும்பு லேசாக வளைந்து கொடுக்கும். அழுத்தித் தேய்த்தால் தோல் கிழியாது. தோல் மென்மையாகும், பளபளக்கும், தண்ணீர் புகாது. இதை உறுதிசெய்துகொள்ள சொரெஸ்ஸி பாரிசின் எர்மேஸ் நிறுவனத்தை அணுகினார். விலையுயர்ந்த கைப்பை செய்யும் அதே எர்மேஸ்தான். தங்கள் தோல் தொழிலாளர்கள் இன்றும் இதே மாதிரிக் கருவி வைத்திருப்பதாக அவர்கள் சொன்னார்கள்.

அடுத்தது பால்டிமோரைச் சேர்ந்த சிகை அலங்காரக் கலைஞர் ஜேனட் ஸ்டீஃபன்ஸ். ரோமப் பேரரசி ஜூலியா டோம்னாவின் மார்பளவுச் சிலையைப் பார்க்கிறார். அந்தக் கொண்டையை முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கிறார். கொண்டை ஊசியால் நிற்கவில்லை. லத்தீன் நூல்களில் வரும் ‘ஆகுஸ்’ என்ற சொல்லைத் தலைமுடி விஷயத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் கொண்டை ஊசி என்றே பெயர்த்து வந்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்குத் தையல் ஊசி என்றும் பொருள் உண்டு. பின்னலை நூல்கோத்த ஊசியால் தைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஸ்டீஃபன்ஸ் வாதிட்டார். 2008இல் ரோமத் தொல்லியலுக்கான முக்கியமான ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட்டது. தலைமுறை தலைமுறையாக லத்தீன் படித்தவர்களுக்குப் படாதது தலை வாரிப் பழகிய கைக்குப் பட்டது.

இவற்றைப் படித்து மகிழ்ந்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. ஆய்வாளர் தோல் தொழிலாளியிடம் போனார், சரி. எந்தத் தோல் தொழிலாளியிடம்? எர்மேஸில் தோல் தைப்பவர் கைவினைஞர். அவரது கைக்கு அங்கே கௌரவம் இருக்கிறது. அவரை அழைத்துப் பேச ஒரு நிறுவனம் இருக்கிறது. இங்கே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் தோல் பதனிடுகிறவரின் கை என்னவாகப் பார்க்கப்படுகிறது? அங்கே கைவினை என்பது இங்கே தீட்டு. எந்தத் தோலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை நாள், எந்தப் பக்கமாகச் சுரண்ட வேண்டும் என்ற அறிவு சேரியில் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து கேட்காத கல்வி, நூலகத்தில் போய்த் தேடிவிட்டு ‘பயன் தெரியவில்லை’ என்று எழுதுகிறது.

தீண்டாமையை நாம் சமூகக் கொடுமையாக, பொருளாதாரச் சுரண்டலாகப் பேசியிருக்கிறோம். அது ஓர் அறிதல்முறைத் தடையும்கூட. தொடக் கூடாத பொருளை விவரிக்க முடியாது. தொடுகிறவரோடு பேசக் கூடாது என்றால் பெயரும் கிடைக்காது. நமது அகராதிகளில் கோயில் பாத்திரங்களுக்கு இருக்கும் சொல்வளத்தையும் தோல் தொழில் கருவிகளுக்கு இருக்கும் சொல்வறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வறுமைக்குத் தமிழ்மொழி பொறுப்பல்ல. சொல் திரட்டப் போனவர்கள் எந்தத் தெருவோடு திரும்பினார்கள் என்பதே காரணம்.

4

வெட்கமும் ஒரு தடை. இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் என்ற இடத்தில் ரோமர் கால மாளிகை ஒன்று 1960களில் அகழப்பட்டது. வட்டமாக உடைத்து உருட்டிய ஓட்டுச் சில்லுகள் அங்கே கிடைத்தன. விளையாட்டுக் காய்கள் என்று சீட்டு எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. 2012இல் ஃபிலிப் ஷார்லியே முதலானோர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிரேக்க, ரோமக் கழிப்பிடங்களில் கிடைத்த இப்படிப்பட்ட சில்லுகளைச் சோதித்தபோது மலத்தின் எச்சம் தென்பட்டது. கால் கழுவத் தண்ணீருக்குப் பதிலாகத் துடைத்துப் போடப் பயன்பட்ட ஓடுகள் இவை என்றார்கள். உடனே ஃபிஷ்போர்ன் அருங்காட்சியகமும் தன் ‘விளையாட்டுக் காய்’களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

பொருள் அதே பொருள். வாசிப்புத்தான் மாறியது. ஒரு மாளிகை, அதற்குள் விளையாட்டு – இது கண்ணியமான படிமம். ஒரு மாளிகை, அதற்குள் பீ – இதை யோசிக்கவே ஒருவருக்கு ஒரு கூச்சம் உடைய வேண்டியிருந்தது. துடைத்துப் போட்டதை அள்ளியது யார் என்ற அடுத்த கேள்வி இன்னும் தள்ளி நிற்கிறது.

வட்டச் சில்லுகள் கீழடியிலும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அங்கே அவை ஆட்டச் சில்லு என்று அடையாளப்படுத்தப்பட்டன. ஃபிஷ்போர்னை வைத்துக் கீழடியைத் திருத்தப் புறப்பட வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஊரின் கதை வேறு. கீழடி அடையாளத்துக்கு வலுவான துணை இருக்கிறது: தெருவில் கட்டம் போட்டு ஓட்டாஞ்சில்லு எறிந்து நொண்டியடித்த பெண்பிள்ளைகளின் ஆட்டம். யாரும் ஏட்டில் எழுதிவைக்காத அறிவு அது. அதே போல, தக்களிகள், கூர்முனை எலும்புக் கருவிகள், செம்பு ஊசி ஆகியவற்றை ஒன்றாக வைத்து நெசவுத் தொழிலின் அடுத்தடுத்த கட்டங்களாக 2019இல் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வாசித்தது. நல்ல வாசிப்பு.

ஆனால் அந்த அறிக்கை வந்தபோது மேடையிலும் பத்திரிகையிலும் நாம் கொண்டாடியது எதை? எழுத்து பொறித்த ஓட்டை. கால அளவை. நாம் எவ்வளவு பழையவர்கள், எவ்வளவு படித்தவர்கள் என்பதை. தக்களி உள்பக்கத்துக்குப் போயிற்று. நூல் நூற்றவள் யார், அவளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி எழவேயில்லை. ஐரோப்பியன் மான்கொம்பில் மார்ஷலைப் பார்த்தான் என்று சிரிக்கிறோமே, பானையோட்டில் நாம் பார்ப்பதும் பெருமையைத்தான். இனப்பெருமைக்கும் கழுத்து மேல்நோக்கித்தான் திரும்பியிருக்கிறது. தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பாருங்கள்.

5

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உழைக்கும் கை எதைச் சொன்னாலும் அதுவே உண்மை என்று இன்னொரு புனிதத்தைக் கட்டிவிடக் கூடாது.

ரோமர் காலத்துப் பன்னிருமுகிகளை எடுத்துக்கொள்வோம். வெண்கலத்தில் வார்த்த, உள்ளே வெற்றான பொருள். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவில் வட்டத் துளை, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குமிழ். முதலில் பதிவானது 1739இல் இங்கிலாந்தில். 2023இல் லிங்கன்ஷையரின் நார்ட்டன் டிஸ்னி கிராமத்தில் உள்ளூர் ஆர்வலர் குழு ஒன்று தோண்டும்போது இன்னொன்று கிடைத்தது. இதுவரை நூற்றுக்கு மேல். எல்லாமே பேரரசின் வடமேற்கு மாகாணங்களில், இத்தாலியில் கிடையாது. எந்த ரோம எழுத்திலும் இதைப் பற்றிப் பேச்சில்லை. மெழுகுவர்த்தித் தாங்கி, தூரம் அளக்கும் கருவி, விதைப்புக் காலம் காட்டும் கருவி என்று யூகங்கள் குவிந்தன. பின்னல் போடத் தெரிந்த சிலர் இதன் குமிழ்களில் கம்பளி நூலைச் சுற்றிக் கையுறை விரல்களைப் பின்னிக் காட்டினார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். ‘இதோ, பேராசிரியர்களுக்குத் தெரியாதது பாட்டிகளுக்குத் தெரிந்தது’ என்று அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பின்னல்முறை ரோமர் காலத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. விரல் பின்னத் துளை அளவு ஒரு பொருட்டே இல்லை. பிறகு ஏன் பன்னிரண்டு துளைகளும் வெவ்வேறு அளவில்? வெண்கலத்தில் இவ்வளவு சிரமப்பட்டு வார்க்க வேண்டிய தேவை என்ன? நான்கு ஆணி அடித்த கட்டை போதுமே. ஒரு பொருளைக் கொண்டு இன்று ஒன்றைச் செய்ய முடிகிறது என்பதாலேயே அன்று அதைத்தான் செய்தார்கள் என்று ஆகிவிடாது. உலக்கையால் பாம்பையும் அடிக்கலாம்.

அப்படியானால் எதை நம்புவது? உழைப்பு பொருளின் மேல் விட்ட தடத்தை. இதைப் படிக்கும் முறையை வகுத்துத் தந்தவர் சோவியத் ஆய்வாளர் செர்கெய் செமியோனவ். 1957இல் ருஷ்ய மொழியில் வந்த அவரது நூல் 1964இல் ஆங்கிலத்துக்குப் போயிற்று. வடிவத்தை வைத்துப் பெயரிடுவதை அவர் சந்தேகித்தார். கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது, பளபளப்பு எங்கே படிந்திருக்கிறது, விளிம்பு எப்படிச் சிதைந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தால், கை எப்படி அசைந்தது, எதன்மேல் அசைந்தது என்பதைப் படிக்கலாம் என்றார். அழிந்துபோன விலங்கை அறிய எலும்பு எப்படியோ, அழிந்துபோன சமூகத்தை அறிய உழைப்புக் கருவி அப்படி என்று மார்க்ஸ் ‘மூலதன’த்தில் சொல்லியிருந்ததை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த வேலை இது. ஹோலே ஃபெல்ஸில் நடந்ததும் இந்த வழியில்தான்: நுண்ணோக்கியும் கையும் சேர்ந்து. ஒன்றை மற்றது சோதித்தது. ஸ்டாலின் காலத்துச் சூத்திரங்களையெல்லாம் மொழிபெயர்த்து அச்சிட்ட நமது இடதுசாரிகள் செமியோனவைப் பேசியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இன்னொன்று. சடங்கு/பயன் என்ற எதிர்வே சந்தேகத்துக்குரியது. ஆயுத பூஜை அன்றைக்கு நமது பட்டறைகளுக்குள் போய்ப் பாருங்கள். லேத்துக்குச் சந்தனம், ஸ்பேனருக்குக் குங்குமம், லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஆயிரம் வருஷம் கழித்துத் தோண்டுகிறவன் குங்குமத் தடத்தைப் பார்த்து ஸ்பேனரைச் சடங்குப் பொருள் என்றால் அது தப்பா? முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. அந்த ஒரு நாளை வைத்து மற்ற 364 நாளையும் அழித்துவிட்டான், அவ்வளவுதான். ஜவ்வாது மலையில் புதிய கற்காலக் கோடாரிகளைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் இதே வகைக் கற்களை இடியோடு விழுந்தவை என்று நம்பிக் கூரையில் செருகி வைத்தார்கள். மரம் வெட்டிய கல், பிறகு சாமியான கல், பிறகு எண் ஒட்டிய காட்சிப்பொருள். மூன்றும் அதன் வாழ்க்கைதான். மூன்றையும் எழுதுகிற சீட்டு வேண்டும். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்துச் சரளைக் குழியில் கற்கோடாரியைக் கண்டெடுத்ததைப் பாடநூலில் படிக்கிறோம். குழி தானாக உண்டாகவில்லை. சரளை வெட்டியவர்களின் கையில் அந்தக் கற்கள் எத்தனை தடவை தட்டுப்பட்டிருக்கும், அவர்கள் அவற்றை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

6

இப்போது நம் காலத்துக்கு வருவோம். தொல்பொருளுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆக வேண்டியதில்லை. இரண்டு தலைமுறை போதும். கிராமிய உணவகங்களின் முகப்பிலும் சொகுசு விடுதிகளின் வரவேற்பறையிலும் உரலும் மரக்காலும் ஏர்க்கலப்பையும் வார்னிஷ் பூசி நிற்கின்றன. கைபேசியில் படம் சுற்றுகிறது: ‘இது என்னன்னு தெரிஞ்சா நீங்க 80ஸ் கிட்ஸ்’, ‘நம்ம பாட்டி காலத்துப் பொக்கிஷம்’. யார் பாட்டி? முறுக்கு உரலும் பல்லாங்குழியும் வெற்றிலைச் செல்லமும் மறுபடி மறுபடி வருகின்றன. செருப்புத் தைத்த பாட்டனின் ஊசியும் கூலிக்கு நாற்று நட்ட பாட்டியின் கஞ்சிக் கலயமும் ஏன் வருவதில்லை? இந்த ஏக்கம் ஒரு சாதியின், ஒரு வர்க்கத்தின் நினைவைப் பொது நினைவாக மாற்றும் இயந்திரம். மறதியை உற்பத்தி செய்யாமல் இப்படிப்பட்ட நினைவை உற்பத்தி செய்ய முடியாது.

பனையேறிகளின் கடிப்பை எடுத்துக்கொள்வோம். இடுக்கி மாதிரி இரண்டு கட்டைகள். தனியே ஒரு மேஜைமேல் வைத்தால் வடிவத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இளம் பாளையை இதனால் இடுக்கிப் பதமாக நசுக்க வேண்டும். பதம் மிஞ்சினால் பாளை கெட்டுப்போகும், குறைந்தால் சுரக்காது. ஆண்பனைப் பாளைக்கு ஒரு விதம், பெண்பனைப் பாளைக்கு ஒரு விதம். பிறகுதான் அரிவாளால் தினமும் நுனியைச் சீவிக் கலயம் கட்டுவது. பதநீருக்குக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு. எந்த அழுத்தம் சரி என்பது கட்டையில் எழுதியிருக்கவில்லை. அது மணிக்கட்டில் இருந்தது. பனையேற ஆளில்லாமல் போகும்போது கடிப்பு கிடைக்கும், மணிக்கட்டு கிடைக்காது. அப்போது அதற்கு ஒரு சீட்டு எழுதுவார்கள்: பயன் தெரியவில்லை.

பெயர் தெரிந்தாலும் பொருள் மர்மமாகிவிட முடியும் என்பதற்கு மரக்கால் சாட்சி. அது தானியம் அளக்கும் பாத்திரம் என்று எல்லோருக்கும் தெரியும். கீழத்தஞ்சையில் அது என்ன செய்தது என்பது வேறு கதை. வாங்குகிற மரக்கால் ஒன்று, கூலி அளக்கிற மரக்கால் ஒன்று. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கொள்ளளவில் ஒன்று சிறுத்திருக்கும். 1940களில் பண்ணையாட்களைத் திரட்டிய இயக்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்தபோது, முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி நெல் தகராறு அதோடு முடியவில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னாலும் கூலி உயர்வுக் கோரிக்கை நின்றது. இன்றைக்கு உணவக வாசலில் வெள்ளிப்பூண் போட்ட மரக்காலில் பூ மிதக்கிறது. அதன் பக்கவாட்டில் முத்திரை இருக்கிறதா இல்லையா என்று திருப்பிப் பார்க்கிறவர் யார்? பழம்பொருள் வியாபாரிக்கு முத்திரை இருந்தால் விலை கூடும். நமக்கு முத்திரை இல்லாத மரக்கால்தான் அதிகம் பேசும்.

எல்லாவற்றையும் சேகரித்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட முடியாது. தலித் அரசியல் எழுந்த 1990களில் பறையை அடிப்பதா எரிப்பதா என்று நமது பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. இழவுக்கு அடிக்கச் சொன்ன பறையை இழிவின் சின்னம் என்று எரித்தவர்களும் இருந்தார்கள், விடுதலையின் இசைக்கருவி என்று கையில் எடுத்தவர்களும் இருந்தார்கள். உத்தரப்பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் மலம் அள்ளிய பெண்கள் தங்கள் கூடைகளைக் கூட்டமாக எரித்தார்கள். அந்தக் கூடையை எரிக்காதீர்கள், அருங்காட்சியகத்துக்கு வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒரு கருவி மறக்கப்பட வேண்டும் என்று விரும்பும் உரிமை அதைச் சுமந்த தலைக்கு உண்டு. ஆனால் கூடை போன பிறகு, ‘எங்க ஊர்ல அந்த மாதிரியெல்லாம் நடக்கலையே’ என்று சொல்லும் வாயும் திறக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993லும் 2013லும் சட்டம் வந்த நாட்டில், அப்படியொரு வேலையே இல்லை என்று கணக்குக் காட்டுவது அரசாங்கங்களுக்கு வசதியாக இருக்கிறது. எரிப்பதும் வைத்திருப்பதும் அவர்கள் முடிவு. எரித்ததை எழுதிவைப்பது நம் எல்லோருடைய வேலையும்.

7

எழுதுகிறவர்களும் களத்தில் நிற்பவர்களும் படிக்கிற பத்திரிகை இது என்பதால் சில நடைமுறை விஷயங்களோடு முடிக்கலாம்.

ஒரு கருவியைப் பார்த்தால் முதலில் அதன் பெயரைக் கையாண்டவர் வாயிலிருந்து வாங்குங்கள். அகராதியைப் பிறகு பாருங்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். மாறட்டும், எல்லாவற்றையும் எழுதுங்கள். கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடியில் எங்கே தேய்ந்திருக்கிறது, இடக்கையா வலக்கையா, உட்கார்ந்து செய்கிற வேலையா நின்று செய்கிற வேலையா என்று கவனியுங்கள். யார் செய்தது, யார் உபயோகித்தது, அது யாருக்குச் சொந்தம் என்ற மூன்றும் மூன்று கேள்விகள். பெரும்பாலும் மூன்று பேர் வருவார்கள். அந்த வேலைக்கு என்ன கூலி, நெல்லா காசா, எந்த அளவையில் என்று கேளுங்கள். எந்த உடம்பு நோயை அது தந்தது என்றும் கேளுங்கள். சொன்னவர் தன் பெயர் வர வேண்டும் என்றால் அவர் பெயர் வர வேண்டும், ஆய்வாளர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அல்ல. வேண்டாம் என்றால் வர வேண்டாம்.

எழுத்தாளர்களுக்குத் தனியாக ஒன்று. வட்டாரச் சொல் என்று நாவலில் கருவிப் பெயர்களை அள்ளித் தெளிப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. அந்தக் கருவியை வைத்து யாராவது வேலை செய்கிற ஒரு பக்கம் உங்கள் நாவலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவும் உணவக வாசல் மரக்கால்தான்.

அடுத்த தடவை ‘பயன் தெரியவில்லை’ என்ற சீட்டைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் பார்வையாளர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்: இதை யாரிடமெல்லாம் காட்டிக் கேட்டீர்கள்? பதில் வந்தால் இந்த இதழுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.